சத்தம் தாங்காத பிள்ளையும் நம் ஊரும்

கோயில் திருவிழாவில் உறுமி மேளம் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் பிள்ளை உங்கள் வீட்டில் உண்டா? "பிடிவாதம்", "வளர்ப்பு சரியில்லை" என்று பிறர் சொல்வதைக் கேட்டு வருந்தாதீர்கள். ஆட்டிசம் உள்ள பலரை ஒலி, ஒளி, வாசனை, கூட்டம் ஆகியவை மிகக் கடுமையாகத் தாக்கும். இது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. மருந்து கொடுத்து இதை மாற்ற முடியாது. பிள்ளை நடமாடும் இடத்தை மாற்றலாம்.

பிரிட்டனில் 2022இல் இதற்கென்றே ஒரு கட்டட வழிகாட்டி வெளியானது. கண் கூசாத விளக்கு, எதிரொலி குறைந்த அறை, ஒதுங்கி உட்கார அமைதியான இடம் போன்றவை அதில் பேசப்படுகின்றன. நம் நாட்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம் 2008, பொது இடங்களைப் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது. சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை கேட்பது போல இதையும் நீங்கள் கேட்கலாம்.

தோட்டப்புறத்தில் முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீர். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் சொல்லாமல் வீட்டைவிட்டு வெளியேறுவார்கள். தண்ணீர் அவர்களை ஈர்க்கும். செம்பனைத் தோட்டங்களில் வீட்டுக்கு அருகிலேயே கால்வாய் ஓடும். பெஸ்தாரி ஜெயா பக்கம் பழைய ஈயக் குட்டைகளும் உண்டு. கதவில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். பக்கத்து வீட்டார், தோட்டக் காவலாளி, லோரி ஓட்டுநர் ஆகியோருக்குப் பிள்ளையை அறிமுகப்படுத்தி வையுங்கள். பிள்ளையைக் காணவில்லையா? முதலில் தண்ணீர் உள்ள இடத்தில் தேடுங்கள். 999ஐ உடனே அழையுங்கள்.

கோயில் நிர்வாகத்தினர் பெரிய செலவு செய்ய வேண்டியதில்லை. ஒலிபெருக்கிக்குத் தள்ளி ஓர் அறை, ஒரு மின்விசிறி, இரண்டு பாய் போதும். கூட்டம் சேருமுன் அக்குடும்பம் அர்ச்சனை செய்துவிட்டுப் போக வழி விடுங்கள். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போகும் துடுப்புப் படகை நினைத்துப் பாருங்கள்: இயந்திரச் சத்தம் இல்லை, கூசும் விளக்கும் இல்லை. இருட்டுக்குப் பயப்படாத பிள்ளை என்றால் அங்கே அழைத்துச் செல்லலாம்.

சுகாதார கிளினிக்கில் 18 மாதத்திலும் 3 வயதிலும் ஆட்டிசம் பற்றிய கேள்விப் படிவம் தரப்படும். "ஊர் என்ன சொல்லுமோ" என்று மறைக்காமல் உள்ளதை உள்ளபடி நிரப்புங்கள். ஆட்டிசம் உறுதியானால் சமூக நல இலாகாவில் 'கற்றல் குறைபாடு' பிரிவின்கீழ் ஓ.கே.யு. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். கிளினிக்கில் பிள்ளையால் வரிசையில் காத்திருக்க முடியாவிட்டால், வந்தவுடன் பதிவு முகப்பில் சொல்லி உதவி கேளுங்கள்.