சொந்தக் காலில் ஒரு ராக் பேண்டு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

1980-இல் வாஷிங்டன் நகரில் ‘டீன் ஐடில்ஸ்’ என்ற இளைஞர்களின் குழு கலைந்தது. கச்சேரிகளில் சேர்ந்த பணம் சுமார் 600 டாலர் கையில் இருந்தது. அதை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளாமல், முன்பே பதிவு செய்து வைத்திருந்த பாட்டுகளைச் சின்ன இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அதற்கென்று தொடங்கியதுதான் டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ். அந்தக் குழுவிலிருந்த இயன் மெக்கே பின்னாளில் ‘ஃபுகாஸி’ குழுவைத் தொடங்கி, பெரிய கம்பெனி எதிலும் கையெழுத்திடாமல், பெரும்பாலும் 5 டாலர் டிக்கெட்டிலேயே உலகம் முழுக்க வாசித்தார்.

அவர்கள் செய்தவை இரண்டே காரியங்கள்: செலவைச் சின்னதாக வைத்துக்கொண்டார்கள், உரிமையைக் கைமாற்றவில்லை. பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்றிருக்கும் நம் ஊரிலும் ஆங்கிலத்தில் பாடும் ஸ்க்ராட், தி எஃப்16ஸ், தமிழில் பாடிய குரங்கன் என்று சென்னையிலிருந்து குழுக்கள் வந்திருக்கின்றன. அடுத்ததாக வரப்போகும் நாலு பேருக்கான பட்டியல் இது.

1. குழுவுக்குள்

*செய்ய வேண்டியவை*

● முதல் பாட்டு வெளியாவதற்கு முன்பே பங்கை எழுதிவையுங்கள். இங்கிலாந்தின் ‘தி ஸ்மித்ஸ்’ குழுவில் பாடகர் மாரிஸியும் கிட்டாரிஸ்ட் ஜானி மாரும் ஆளுக்கு 40 சதவீதம் எடுத்துக்கொண்டு, மற்ற இருவருக்கும் ஆளுக்கு 10 சதவீதம் கொடுத்துவந்தார்கள். தெளிவான ஒப்பந்தம் இல்லை. குழு கலைந்து ஒன்பது வருடம் கழித்து, 1996-இல், டிரம்மர் மைக் ஜாய்ஸுக்கு 25 சதவீதம் உண்டு என்று லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் 13-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபம் சமபங்கு.

● அந்தத் தாளில் இவையெல்லாம் இருக்கட்டும்: வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, பதிவு யாருக்குச் சொந்தம், ஒருவர் விலகினால் பேண்டின் பெயர் யாரிடம் இருக்கும், பொதுப் பணத்தில் வாங்கிய ஆம்ப் யார் வீட்டுக்குப் போகும். ஆர்.இ.எம். குழு பாட்டுகளுக்கு நான்கு பேர் பெயரையும் சேர்த்தே போட்டது. உங்களுக்கு அது சரிவராமல் போகலாம். எந்த முறையானாலும் நாலு கையெழுத்து இருக்க வேண்டும்.

● பேண்டுக்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள். ஒருவர் கணக்கு எழுதட்டும், இன்னொருவர் மாதம் ஒருமுறை சரிபார்க்கட்டும்.

*செய்யக்கூடாதவை*

● “நண்பர்கள்தானே, எதற்கு எழுத்தெல்லாம்” என்று விடாதீர்கள். நட்பு நன்றாக இருக்கும்போது எழுதுவது அரைமணி நேர வேலை. கெட்ட பிறகு அது வக்கீல் வேலை.

● யூடியூப், இன்ஸ்டாகிராம், விநியோகக் கணக்கு எல்லாவற்றையும் ஒருவருடைய சொந்த மின்னஞ்சலில் திறக்காதீர்கள். அவர் போனால் பாஸ்வேர்டும் போகும். பேண்டு பெயரில் ஒரு மின்னஞ்சல், இரண்டு பேரிடம் சாவி.

2. பாட்டும் பதிவும்

*செய்ய வேண்டியவை*

● பாட்டை ஜாம் ரூமிலேயே முடித்துவிட்டு ஸ்டுடியோவுக்குப் போங்கள். நிர்வானாவின் முதல் ஆல்பம் ‘ப்ளீச்’ சியாட்டிலில் சுமார் 30 மணி நேரத்தில் பதிவானது. பில் 606 டாலர் 17 சென்ட். அந்தப் பணத்தைக் கட்டிய ஜேசன் எவர்மேன் அதில் ஒரு நோட்டுகூட வாசிக்கவில்லை, ஆனாலும் உறையில் அவர் பெயர் இருக்கிறது. குறைந்த செலவில் முடிந்ததற்குக் காரணம், குழு பாட்டுகளைத் தயாராக வைத்துக்கொண்டு உள்ளே போனது. ஒவ்வொரு ரிகர்சலையும் போனில் பதிவு செய்து கேளுங்கள். எந்த வேகம், எத்தனை முறை கோரஸ், எங்கே நிறுத்தம் என்பதைத் தாளில் எழுதிவிடுங்கள். கிளிக் சத்தத்தோடு வாசித்துப் பழகுங்கள்.

● பணத்தை டிரம்ஸில் போடுங்கள். நல்ல அறையும் பல மைக்கும் உண்மையிலேயே தேவைப்படுவது அதற்குத்தான். கிட்டாரையும் பேஸையும் சாதாரண இன்டர்ஃபேஸில் வீட்டிலேயே எடுக்கலாம். அலமாரித் துணிகளுக்கு நடுவே குரல் எடுத்தாலும் எதிரொலி குறையும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். அளவைச் சிவப்பைத் தொடவிடாமல் கொஞ்சம் கீழேயே வையுங்கள். கிட்டாருக்குப் புதுக் கம்பி, ஒவ்வொரு டேக்குக்கும் முன் டியூனிங்: இந்த இரண்டுக்கும் ஈடான பிளக்-இன் கிடையாது.

● என்ஜினியரிடம் மொத்தத் தொகை பேசுங்கள். ஸ்டீவ் ஆல்பினி நிர்வானாவின் ‘இன் யூட்ரோ’வுக்குக்கூட ராயல்டி வேண்டாம் என்று ஒரே தொகை வாங்கினார். உங்கள் என்ஜினியருக்கும் பேசிய தொகையைப் பேசிய நாளில் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை அவர் ஒரு மணி நேரம் கூடவே உட்காருவார்.

● செஷன் கோப்பு, தனித்தனி டிராக்குகள், குரல் இல்லாத மிக்ஸ் மூன்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் சேமியுங்கள். குறும்படத்துக்கோ விளம்பரத்துக்கோ பாட்டைக் கேட்பவர்கள் முதலில் கேட்பது குரல் இல்லாத மிக்ஸைத்தான்.

*செய்யக்கூடாதவை*

● சுவரில் முட்டை அட்டை ஒட்டிவிட்டு அறை சவுண்டுபுரூஃப் ஆகிவிட்டது என்று நம்பாதீர்கள். அது மேல்சுருதி எதிரொலியைச் சற்றுத் தணிக்கும், அவ்வளவுதான். பேஸும் கிக் டிரம்மும் பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். சத்தத்தைத் தடுப்பது கனமான சுவரும் காற்றுப் புகாத கதவும். இரண்டும் இல்லையென்றால் மாடி வீட்டு மாமியிடம் நேரத்தைப் பேசிவைப்பதே வழி.

● மாஸ்டரிங்கில் சத்தத்தை ஏற்றி ஏற்றிப் பாட்டைத் தட்டையாக்காதீர்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாட்டையும் −14 எல்யுஎஃப்எஸ் என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவருகிறது. நீங்கள் நசுக்கி ஏற்றியதை அது இறக்கிவிடும், நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

● எல்லோருக்கும் கிடைக்கும் ரெடிமேட் லூப்பைப் போட்ட பாட்டை யூடியூப் கன்டென்ட் ஐடியில் பதியாதீர்கள். அதே லூப்பை வைத்திருக்கும் மற்றவர்களின் வீடியோமீதெல்லாம் உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை போகும்.

● பழைய பாட்டு ஒன்றைக் கவர் செய்து அனுமதியில்லாமல் வெளியிடாதீர்கள். பதிப்புரிமைச் சட்டம் 31சி பிரிவில் கவர் பதிவுக்கு வழி இருக்கிறது. ஆனால் முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியும் கட்ட வேண்டும். சின்ன பேண்டுக்குச் சொந்தப் பாட்டே மலிவு.

3. வெளியீடும் விளம்பரமும்

*செய்ய வேண்டியவை*

● வெளியீட்டுத் தேதியை முடிவு செய்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். விநியோகத் தளத்தில் நாலு வாரம் முன்பே பாட்டை ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபையின் பட்டியல் ஆசிரியர்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்கும் வசதி வெளியீட்டுக்கு முன்பு மட்டும்தான் உண்டு. குறைந்தது ஏழு நாள் முன்னால் அனுப்பினால், உங்களைப் பின்தொடர்பவர்களின் புதுப்பாட்டுப் பட்டியலில் பாட்டு தானாகவே சேரும்.

● பேண்டின் பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டல். ஓரிடத்தில் தமிழ் எழுத்து, இன்னோரிடத்தில் ஆங்கில எழுத்து, வேறோரிடத்தில் ஒரு எழுத்து கூடுதல் என்றிருந்தால் ஒரே குழு மூன்று கலைஞர்களாகப் பிரிந்து நிற்கும்.

● ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள, எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீட்டைக் குறித்துவையுங்கள். நாளை விநியோகஸ்தரை மாற்றினாலும் அதே குறியீட்டோடு ஏற்றினால்தான் பழைய ஸ்ட்ரீம் கணக்கு ஒட்டிக்கொள்ளும்.

● கேட்பவர்களின் பட்டியலை நீங்களே வைத்திருங்கள். கச்சேரி முடிந்ததும் ஒரு நோட்டை நீட்டி, விருப்பமுள்ளவர்களிடம் மின்னஞ்சலோ வாட்ஸ்அப் எண்ணோ வாங்குங்கள். நிறுவனம் தன் விதியை மாற்றினால் இன்ஸ்டாகிராம் பதிவு யார் கண்ணிலும் படாமல் போகலாம். உங்கள் நோட்டில் இருக்கும் இருநூறு பேருக்குச் செய்தி அனுப்ப யார் தயவும் வேண்டாம்.

● பத்திரிகைக்காரருக்கு எழுதும்போது ஒரு பத்தி, ஒரு நல்ல படம், ஒரு இணைப்பு. பாட்டு எதைப் பற்றியது என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும்.

*செய்யக்கூடாதவை*

● ஸ்ட்ரீமைக் காசுக்கு வாங்காதீர்கள். பன்னிரண்டு மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபை பதிவு ராயல்டி கொடுப்பதில்லை. ஆகவே ஆசை வரும். ஆனால் போலி ஸ்ட்ரீம் பிடிபட்டால் அது கணக்கில் சேராது, விநியோகஸ்தருக்கு அபராதம் போகும், பாட்டும் தளத்திலிருந்து இறங்கலாம்.

● பெரியவர்களின் வித்தையை அப்படியே காப்பியடிக்காதீர்கள். ரேடியோஹெட் 2007-இல் ‘இன் ரெயின்போஸ்’ ஆல்பத்தை விரும்பிய விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னது. அதற்கு முன் பல வருடம் ஒரு பெரிய கம்பெனியின் விளம்பரப் பணம் அவர்களுக்கு ரசிகர்களைச் சேர்த்திருந்தது. யாரும் அறியாத குழு அதையே செய்தால், விரும்பிய விலை சுழியம்தான்.

● தெரியாதவர்களை எல்லாம் டேக் செய்து “கேட்டுட்டு சொல்லுங்க ப்ரோ” என்று அனுப்பாதீர்கள். அவர்கள் கேட்கவும் மாட்டார்கள், அடுத்த பாட்டையும் திறக்க மாட்டார்கள்.

4. மேடையில்

*செய்ய வேண்டியவை*

● எத்தனை மைக், எத்தனை டிஐ பாக்ஸ், யார் எங்கே நிற்பார் என்பதை ஒரு பக்கத்தில் வரைந்து, இரண்டு நாள் முன்பே சவுண்டு அண்ணாவுக்கு அனுப்புங்கள். போனதும் அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டு கூட்டத்துக்கு எப்படிக் கேட்கும் என்பது அன்று அவர் கையில்.

● ஒவ்வொரு கச்சேரியையும் பதிவு செய்யுங்கள். ஃபுகாஸி அப்படிச் சேர்த்தவை 800-க்கும் மேல். பின்னாளில் அவற்றை டிஸ்கார்டே இணையத்தில் விற்பனைக்கு வைத்தது. உங்களுக்கு அது விற்பனைப் பொருளாகாவிட்டாலும், எந்தப் பாட்டில் கூட்டம் போனை எடுக்கிறது என்று காட்டிக்கொடுக்கும்.

● காதுக்கு அடைப்பான் போடுங்கள், ரிகர்சலிலும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பான எல்லை என்பது அமெரிக்கத் தொழில்நலக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அது பாதியாகிறது. 100 டெசிபலில் 15 நிமிடம். சின்ன அறையில் டிரம்ஸ் இதைச் சுலபமாகத் தாண்டும்.

*செய்யக்கூடாதவை*

● ‘ஹம்’ சத்தம் வருகிறது என்று பிளக்கின் எர்த் பின்னை உடைக்காதீர்கள். 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில், ‘ஸ்டோன் தி குரோஸ்’ குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். கல்யாண மண்டபமோ கல்லூரி மைதானமோ, ஜெனரேட்டர் இணைப்பில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டே கிட்டாரை மாட்டுங்கள். ஹம்மை நீக்க டிஐ பாக்ஸில் தனிச் சுவிட்ச் இருக்கிறது.

● “எக்ஸ்போஷர் கிடைக்கும்” என்பதைச் சம்பளமாக ஏற்காதீர்கள். டிக்கெட் உண்டா, ஸ்பான்சர் உண்டா, உணவு விற்பனை உண்டா என்று கேளுங்கள். எங்கேனும் பணம் வருகிறதென்றால் அதில் உங்களுக்கும் பங்கு வேண்டும். யாருக்குமே பணம் வராத நல்ல காரியம் என்றால் மனதாரப் போய் வாசியுங்கள்.

● கொடுத்த நேரத்தைத் தாண்டாதீர்கள். முப்பது நிமிடம் என்றால் இருபத்தெட்டில் முடியுங்கள். அடுத்த குழுவின் நேரத்தைத் தின்றவர்களை யாரும் மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

5. கையெழுத்துப் போடும்போது

*செய்ய வேண்டியவை*

● சட்டம் ஏற்கெனவே கொடுத்திருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், படத்துக்குக் கொடுத்த பாட்டுக்குத் திரையரங்குக்கு வெளியே வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைத்தவருக்கும் சமபங்கு உண்டு. அதை விட்டுக்கொடுப்பதாக எழுதினாலும் செல்லாது.

● வரி எழுதுபவரும் மெட்டுப் போடுபவரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். விநியோகஸ்தர் அனுப்புவது பதிவுக்கான பணம் மட்டுமே. பாட்டை எழுதியதற்கான ராயல்டி இந்தச் சங்கத்தின் வழியாக வருகிறது.

*செய்யக்கூடாதவை*

● “என்றென்றைக்கும், உலகம் முழுவதும், இனி வரப்போகும் ஊடகங்களிலும்” என்ற வாசகத்தைப் பார்த்தால் அன்றைக்கே கையெழுத்திடாதீர்கள். முன்பு சொன்ன என்ஜினியர் ஆல்பினி 1993-இல் எழுதிய கட்டுரையில், பெரிய கம்பெனியில் கையெழுத்திட்ட ஒரு கற்பனைக் குழுவுக்கு வரவுசெலவு போட்டுக்காட்டினார். இரண்டரை லட்சம் பிரதி விற்ற பிறகு அதன் உறுப்பினர் ஒருவருக்குக் கிடைத்தது, மளிகைக் கடையில் வேலை பார்த்திருந்தால் வரும் கூலியில் மூன்றில் ஒரு பங்கு. முன்பணம் என்பது ராயல்டியிலிருந்து கழிக்கப்படும் கடன். அதிலேயே ஸ்டுடியோ, வீடியோ, பயணம் எல்லாம் அடக்கம்.

● முதல் ஆல்பத்தை நம்பி வேலையை விடாதீர்கள். வீட்டு வாடகை பாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்றாகிவிட்டால் வருகிற ஒப்பந்தம் எல்லாம் நல்லதாகவே தெரியும். மாதச் சம்பளம் ஒரு பக்கம் இருந்தால், பிடிக்காத தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த சனிக்கிழமை ரிகர்சலுக்குப் போகலாம்.