முன்முற்றத்தில் பிரெய்ரி

சிக்காகோ நகரத்தைச் சுற்றியுள்ள புறநகர்களில் எந்தத் தெருவில் நடந்து போனாலும், வீட்டுக்கு வீடு வேலியின்றி ஒன்றோடொன்று சேர்ந்து கிடக்கும் பச்சைப் புல்தரைதான் கண்ணில் படுகிறது. வாரந்தோறும் யந்திரம் ஓட்டி வெட்டியும், கோடையில் நீர் பாய்ச்சியும், ரசாயன உரமும் களைக்கொல்லியும் இட்டும் காப்பாற்றப்படுகிற இந்தக் கென்டக்கி புளூகிராஸ், அமெரிக்க மாகாணமொன்றின் பெயரைத் தாங்கியிருந்தபோதிலும், பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களோடு வந்து சேர்ந்த புல்லேயாகும். இதே மண்ணில் இருநூறு வருஷங்களுக்கு முன்பு ஆளுயரப் புற்களும் அவற்றினூடே நூற்றுக்கணக்கான பூச்செடி வகைகளும் அடிவானம் வரையில் பரந்திருந்தன. 1837-ஆம் ஆண்டில் ஜான் டீர் என்னும் கொல்லர், இப்பிரதேசத்தின் பிசுபிசுத்த கரிய மண் ஒட்டாமல் வழுக்கி விழும்படியான எஃகுக் கலப்பையை இல்லினாய் மாகாணத்தில் செய்து முடித்த பிறகு, பிரெய்ரி எனப்படும் அந்தப் புல்வெளி சிறுகச் சிறுக வயலாக மாறி, இன்று அங்கே பூர்வ நிலையில் எஞ்சியிருப்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு வீட்டின் முன்முற்றம் அந்த நஷ்டத்தை ஈடுசெய்துவிடாது என்பது மெய்தான். ஆயினும் புல்தரையை அகற்றிவிட்டு அழகுப் புற்களையும் பிரெய்ரிப் பூச்செடிகளையும் அங்கே நிலைநிறுத்துவது, ஒரு குடும்பம் தன் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய மிகப் பிரயோஜனமான காரியம் என்பது என் அபிப்பிராயம். அதைச் செய்யும் முறையை, அவசரத்தில் கைவிடப்படுகிற இடங்களில் சற்றே தங்கி, இங்கே விவரிக்கிறேன்.

மண்வெட்டியைக் கையில் எடுப்பதற்கு முன் செய்யவேண்டியவை சில உண்டு. ஊராட்சியின் விதிகளை வாங்கிப் படியுங்கள். பல ஊர்களில் புல் எட்டு அல்லது பத்து அங்குலத்துக்கு மேல் வளர்ந்தால் அபராதம் உண்டு, ஆனால் திட்டமிட்டு நட்ட தோட்டத்துக்கு விலக்கு அளிக்கும் ஊர்களும் உண்டு. வீட்டுச் சொந்தக்காரர் சங்கங்கள் அந்த மண்ணுக்குரிய செடிகளை அடியோடு தடை செய்ய முடியாதபடி இல்லினாய் மாகாணம் 2024-இல் ஒரு சட்டமே இயற்றியிருக்கிறது. அடுத்தபடியாக 811 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால், தரைக்குள் போகும் எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே இருக்கின்றன என்று கட்டணமின்றி வந்து குறித்துவிட்டுப் போவார்கள். நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடமாக இருத்தல் அவசியம். பெரிய மரத்தின் நிழலில் இந்தச் செடிகள் சோர்ந்து சாய்ந்துவிடும்.

இனி, இந்தக் காரியத்தின் உயிர்நாடியான இடத்துக்கு வருகிறேன்: பழைய புல்லை முழுவதும் சாகடிக்காமல் புதிய செடியை நடலாகாது. புல்லை வேரோடு பாய்போல் உரித்தெடுக்கும் யந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரே நாளில் வேலை முடிந்துவிடுமென்றாலும், மேல்மண்ணும் அதோடு போய்விடுகிறது. கோடையில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வெயிலின் சூட்டில் வேகவைப்பது இன்னொரு வழி. வடக்கே மேகமூட்டமான வருஷங்களில் இதை நம்பியிருக்க முடியாது. எனக்கு உகந்தது, ஆகஸ்டு மாதக் கடைசியில் புல்லை ஒட்ட வெட்டிவிட்டு, பசைநாடாவும் உலோகக் கொக்கிகளும் நீக்கிய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, ஒன்றின் விளிம்பு மற்றொன்றின்மேல் ஆறங்குலம் ஏறும்படி பரப்பி, நன்றாக நனைத்து, அதன்மீது நான்கங்குலக் கனத்துக்கு மரச்சீவலை மூடாக்காகப் போட்டு, மறு வருஷம் மே மாதம் வரையில் அப்படியே விட்டுவிடும் முறைதான். பனிக்காலம் முழுவதும் அட்டை மெல்ல மெல்ல இற்று மண்ணோடு கலந்துவிடும். வசந்தத்தில் மூடாக்கை ஒதுக்கிப் பார்த்தால், பழைய புல்வேர்கள் பழுப்பு நூலாக உதிர, அவற்றினூடே மண்புழுக்கள் நெளிந்துகொண்டிருப்பதைக் காணலாம். ஆனால் குவாக்கிராஸ், கனடா திசில், பைண்ட்வீட் ஆகிய மூன்றும் தரைக்குள்ளே படரும் தண்டினாலோ வேரினாலோ பிழைத்துக்கொள்பவை; அட்டை இவற்றைத் தடுக்காது. அவை இருக்குமானால் ஒரு முழு வருஷம் தாமதித்தாவது, தலை நீட்டும்போதெல்லாம் தோண்டியெடுத்துத் தீர்த்துவிட வேண்டும். எந்த முறையைக் கையாண்டாலும் நிலத்தை ஆழ உழுது புரட்டாதீர்கள். பல்லாண்டுகளாக மண்ணில் உறங்கிக் கிடக்கும் களைவித்துகள் அத்தனையும் வெளிச்சம் கண்டு முளைத்துவிடும்.

செடிகளைத் தேர்ந்தெடுப்பதில், டென்மார்க்கிலிருந்து வந்து சிக்காகோவின் கொலம்பஸ் பூங்காவை அமைத்த ஜென்ஸ் ஜென்சனும், நம் காலத்தில் நெதர்லாந்து நாட்டுத் தோட்டக் கலைஞர் பீட் அவுடால்ஃபும் காட்டிய வழி பெரிதும் உதவுகிறது. பாதிக்கு மேற்பட்ட இடத்தை ஓரிரண்டு வகைப் புற்களுக்கே கொடுத்து, அதனிடையே பூச்செடிகளைச் சிறு சிறு கூட்டங்களாக வைத்தால்தான் தோட்டம் ஒரே உருவமாகத் தோன்றும். வகைக்கு ஒன்றாக வாங்கி நிரப்பினால் நாற்றுப்பண்ணைக் கடையைப்போல் ஆகிவிடும்.

அடிப்படைப் புல்லாகப் பிரெய்ரி டிராப்ஸீட் என்பதையே முதலில் சிபாரிசு செய்வேன். மயிரிழைபோன்ற இலைகள் குவியலாக வளைந்து விழ, ஆகஸ்டு மாதத்தில் இரண்டு மூன்றடி உயரத்துக்கு மெல்லிய பூங்கதிர்கள் எழும்பும். வெப்பமான மாலைப்பொழுதில் அதன் அருகே குனிந்தால் கொத்தமல்லியின் மணம் தெளிவாக வீசும். அதனோடு சேர்வது லிட்டில் புளூஸ்டெம். கோடையில் நீலம் பாய்ந்த பச்சையாக நின்று, இலையுதிர் காலத்தில் செப்புச் சிவப்பாக மாறி, பனி விழுந்த பிறகும் வெண்பஞ்சு விதைகளோடு நிமிர்ந்திருக்கும். வீட்டுச் சுவரோரமாக உயரம் வேண்டுமென்றால் ஸ்விட்ச்கிராஸில் நார்த்விண்ட் என்னும் வகை கம்பம்போல் நேராக நிற்கும். நம் கரும்புக்கும் சோளத்துக்கும் வெட்டிவேருக்கும் நெருங்கிய உறவான பிக் புளூஸ்டெம் பிரெய்ரியின் அரசன்தான்; ஆனால் ஆளுயரத்தைத் தாண்டி வளர்வதால் சிறிய முற்றத்துக்குப் பொருந்தாது. கடைகளில் மிகுதியாக விற்கும் மிஸ்காந்தஸை வாங்கவேண்டாம். அதன் விதை காற்றில் பறந்து, சாலையோரங்களிலும் திறந்த வெளிகளிலும் முளைத்து ஆக்கிரமிக்கிறது. பூச்செடிகளில் ஊதாக் கோன்ஃபிளவர், லியாட்ரிஸ், நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்ததும் மோனார்க் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு உணவாவதுமான பட்டர்ஃபிளை வீட், கடைசியாகப் பூக்கும் ஆஸ்டர் ஆகிய இவை இருந்தால் ஜூன் முதல் அக்டோபர் வரையில் பூவுக்குக் குறைவிராது.

நடுவதற்கு உரிய காலம் மே மாதப் பிற்பகுதி. விதை தூவினால் செலவு குறையுமென்றாலும், முளைப்பது களையா செடியா என்று அடையாளம் தெரியாமல் திண்டாட நேருமாகையால், முன்முற்றத்துக்குக் குழித்தட்டு நாற்றே சிறந்தது. நாற்றுக்கு நாற்று 12 முதல் 15 அங்குலம் இடைவெளி விடுங்கள். 20 அடிக்கு 25 அடியுள்ள முற்றத்துக்கு ஓரடி இடைவெளியில் ஏறக்குறைய 500 நாற்றுகள் வேண்டியிருக்கும். மூடாக்கை விலக்கி, எஞ்சிய அட்டையில் துளையிட்டு, நாற்றின் கழுத்து மண்மட்டத்தில் இருக்குமாறு நட்டு அழுத்துங்கள். பட்டர்ஃபிளை வீடுக்கு ஆணிவேர் இருப்பதால், நட்ட இடத்திலிருந்து பிற்பாடு அதைப் பெயர்க்கலாகாது. உரம் ஒரு பிடிகூட வேண்டாம். கொழுத்த மண்ணில் இந்தப் புற்கள் நெகிழ்ந்து தரையில் படுத்துவிடுவது இவற்றின் சுபாவம்.

அயலாருக்கு இது கவனிப்பாரற்ற நிலமல்ல, கருதிச் செய்த தோட்டம் என்று பார்த்தவுடன் தெரியவேண்டும். ஜோன் நாசோவர் என்னும் நிலக்காட்சி அறிஞர் 1995-இல் எழுதிய கட்டுரையொன்றில், ஒழுங்கற்றதாகத் தோன்றும் இயற்கைக்கு ஒழுங்கான விளிம்புச் சட்டம் அமைத்துக் கொடுத்தால் மக்கள் அதை ஏற்பார்கள் என்று விளக்கினார். ஆகவே நடைபாதையை ஒட்டி இரண்டடி அகலத்துக்குப் பழைய புல்லை விட்டுவைத்து நேர்த்தியாக வெட்டி வாருங்கள்; கார் வெளியே வரும் இடத்தில் பார்வை மறையாதபடி முழங்காலுயரச் செடிகளை மட்டும் வையுங்கள்; பக்கத்து வீட்டாருக்கு முன்னதாகவே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

முதல் வருஷத்தில் மழை இல்லாத வாரங்களில் ஓரங்குல அளவு நீர் கொடுத்து, வாரத்துக்கொரு தரம் களை பறிக்க வேண்டும். இதில் சோம்பினால் பிறகு எதுவும் உதவாது. செடிகள் அப்போது மேலே வளராமல் கீழே வேரோடுவதால் தோட்டம் வெறிச்சென்றிருக்கும். முழு உருவம் மூன்றாம் வருஷத்தில்தான் காணும். வெப்பகாலப் புற்கள் மே மாதம் வரையில் துளிர்க்காமல் இருப்பது இயல்பு, செத்துவிட்டதென்று பிடுங்கிவிடாதீர்கள். காய்ந்த தண்டுகளை இலையுதிர் காலத்தில் வெட்டாமல், மார்ச் மாதக் கடைசியில் வெட்டி, பூச்செடிகளின் தண்டை மட்டும் ஓரடிக்குமேல் விட்டுவைத்தால், குழல்போன்ற அத்தண்டுகளில் காட்டுத்தேனீ இனங்கள் சில முட்டையிடும்.

செடிப்பட்டியலை எழுதுவதற்கு முன்னால், அவுடால்ஃப் செடிவகுத்து 2004-இல் திறக்கப்பட்ட லூரி தோட்டத்தைச் சிக்காகோவின் மில்லேனியம் பூங்காவில் போய்ப் பாருங்கள். செப்டம்பரில் ஒரு முறையும், பனி மூடிய ஜனவரியில் ஒரு முறையும் போய், எந்தப் புல் பனியிலும் நிமிர்ந்து நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அனுமதிக் கட்டணம் கிடையாது.