மெல்லக் கற்போரும் நம் வகுப்பறையும்



முதியோர் எழுத்தறிவு வகுப்பில் பாடம் நடத்தத் தொடங்கியபோது, படிப்பு ஏறாதவர்கள் முயற்சி குறைந்தவர்கள் என்றே நானும் நினைத்திருந்தேன். அது தவறென்று உணர்த்தியவர் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அர்ச்சனைச் சீட்டில் பேத்தியின் பெயரையும் நட்சத்திரத்தையும் தம் கையால் எழுத வேண்டும் என்பதே அவர் ஆசை.

ஆறு மாதமாகியும் 'ன', 'ண' வேறுபாடு அவருக்குப் பிடிபடவில்லை. 'ரே' என்ற எழுத்தில் கொம்பு முன்னே நிற்க, அதன் ஒலி பின்னே வருவதும் குழப்பியது. பொறுமையிழந்து, "நூறு முறை எழுதி வாருங்கள்" என்றேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை. வீடு தேடிச் சென்றேன். "சின்ன வயசுல வாத்தியாரும் இதைத்தான் சொன்னாரு டீச்சர். எனக்கு மரமண்டை" என்று கண்கலங்கினார். தலைகுனிந்து திரும்பினேன்.

அதன் பின்னரே தேடிப் படித்தேன். அறிவுக்கூர்மை இருந்தும் வாசிக்க இயலாத 14 வயதுச் சிறுவனைப் பற்றி பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1896லேயே எழுதியிருக்கிறார். இன்று இதை டிஸ்லெக்சியா என்கிறோம். இது சோம்பலன்று, அறிவுக் குறைவுமன்று. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் உண்டாகும் இடர்ப்பாடு. வயது வந்ததும் மறைந்துவிடுவதுமில்லை. அம்மையாருக்கு இருப்பது இதுதானா என்று முடிவு சொல்ல நான் நிபுணர் அல்லள். ஆயினும் கற்பிக்கும் முறையை மாற்றினேன்.

1. 247 எழுத்துகளையும் அடுக்காமல், ஒரு வகுப்புக்கு இரண்டே எழுத்துகள். ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகள் ஒரே நாளில் வேண்டா.

2. விஜயதசமியன்று ஏடு தொடங்குவதுபோல் தாம்பாளத்தில் அரிசி பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுதல். கண், காது, வாய், கை நான்கும் சேர்ந்து பழகும்.

3. பாடநூலுக்கு முன், அவருக்கு வேண்டிய சொற்கள்: குடும்பத்தார் பெயர், நட்சத்திரம், கிழமை.

4. பிறர் முன் உரக்க வாசிக்க வற்புறுத்தாமை.

அழைத்தபோது அவர் தயங்கித் தயங்கியே வந்தார். ஓராண்டுக்குப் பின், ஒரு வெள்ளிக்கிழமை, சந்நிதியில் சீட்டை நீட்டினார். இரட்டைக் கொம்பு முன்னே, 'ர' பின்னே: 'ரேவதி'. அர்ச்சகர் தடையின்றி வாசித்தார்.

மேசையும் நூல்களும் வழங்கிய நன்கொடையாளர்களுக்கு நன்றி. இத்தகையோருக்கு அருகில் அமர்ந்து, வாரம் ஒரு மணி நேரம் பொறுமையோடு கற்பிக்கும் தொண்டூழியர்களே இப்போது தேவை. அன்பர்கள் முன்வர வேண்டுகிறேன். இதுவும் இறைபணியே.