ஆமை வளர்ப்பும் கிராமச் சுகாதாரமும்

குடிநீர்க் கிணறுகளைப் பார்வையிடச் செல்லும்போது, சில கிணறுகளில் ஆமை நீந்துவதை நாம் கண்டதுண்டு. காரணம் கேட்டால், "ஆமை அழுக்கைத் தின்றுவிடும், ஐயா, தண்ணீர் சுத்தமாக இருக்கும்" என்று பெரியவர்கள் கூறுவர். வேறு சில வீடுகளில், ஏரியில் அகப்பட்ட பாலாமையையோ புதர்க்காட்டில் கிடைத்த நட்சத்திர ஆமையையோ குழந்தைகளின் விளையாட்டுக்கென்று தொட்டியில் வளர்க்கின்றனர். நல்லெண்ணத்துடன் செய்யப்படும் இவ்விரு காரியங்களிலும் நோய்க்கு இடமுண்டு என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் உணர்தல் வேண்டும்.

நோய் பரவும் விதம்

ஆமை, ஓணான், பல்லி, பாம்பு, தவளை ஆகியவற்றின் குடலில் சால்மோனெல்லா என்னும் கிருமி வாழக்கூடும். அதனால் பெரும்பாலும் அப்பிராணிக்கு நோய்க்குறி ஏதும் தோன்றுவதில்லை. பார்வைக்குத் திடமாயுள்ள ஆமையும் மலத்தின் வழியே கிருமியை வெளிவிடும். ஒரு நாள் வெளிவிடும். மறுநாள் வெளிவிடாமலும் இருக்கும். ஆகவே ஒருமுறை சோதித்துக் கிருமி இல்லையெனக் கண்டாலும் நம்புவதற்கில்லை. ஆமை அழுக்கைத் தின்பது உண்மையே. ஆயின், தின்றதைக் கழிப்பதும் அதே நீரில்தான். அந்நீரிலிருந்து ஓட்டிலும் தோலிலும் ஒட்டிய கிருமி, தொட்டவர் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் செல்கிறது.

கிருமி உட்சென்ற 6 மணி நேரம் முதல் 6 நாட்களுக்குள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றுவலி காணும். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் குணமடைவர். எனினும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது கடுமையாகலாம். கிருமி இரத்தத்தில் கலப்பின் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் சிற்றாமைகளால் குழந்தைகள் பலர் நோயுற்றமையால், ஓட்டின் நீளம் 4 அங்குலத்திற்குக் குறைந்த ஆமைகளின் விற்பனை 1975ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. சிற்றாமையைக் குழந்தை எளிதில் வாயில் வைத்துவிடும் அல்லவா?

செய்ய வேண்டுவன

1. பாலாமையையும் நட்சத்திர ஆமையையும் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அவற்றைக் கொல்லவும் கூடாது. கிணற்றிலோ வீட்டிலோ இருப்பின் வனத்துறையினருக்குத் தெரிவிக்க வேண்டும்.

2. ஆமை, தவளை முதலியவற்றைத் தொட நேர்ந்தால் உடனே சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டி நீரைச் சமையலறையிலும் கிணற்றடியிலும் கொட்டலாகாது.

3. ஆமையை அகற்றியபின் கிணற்று நீருக்குப் பிளீச்சிங் பவுடர் இட வேண்டும். அளவு, 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம். 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீராழமும் உள்ள வட்டக் கிணற்றில் ஏறக்குறைய 9,400 லிட்டர் நீர் இருக்கும்; அதற்கு 24 கிராம் போதும். பவுடரை வாளி நீரில் நன்கு கரைத்து, சுமார் 10 நிமிடம் தெளியவிட்டு, தெளிநீரை மட்டும் கிணற்றில் கலக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைச் சேர்க்கலாகாது. பின்னர் ஒரு மணி நேரம் நீர் இறைக்காதிருத்தல் அவசியம்.

4. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்க. வீட்டில் ஆமை இருந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுக.

கிணற்றைத் தூய்மை செய்வது ஆமையின் வேலையன்று. அது நம் வேலை. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதனை எடுத்துரைத்து, ஊரிலுள்ள ஒவ்வொரு குடிநீர்க் கிணற்றையும் பார்வையிட அங்கத்தினர்கள் முன்வருவார்களாக.