கீபோர்ட் இசையை வீட்டிலேயே தெளிவாக ஒலிப்பதிவு செய்வோம்

இடம்பெயர்ந்து வந்து, தோட்டத்தையும் வயலையும் புதிதாகத் தொடங்கிய குடும்பங்கள் சிலவற்றில் இன்று ஒரு சிறிய கீபோர்ட் இருக்கின்றது. வெங்காயம் விற்ற பணத்திலோ, வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா அனுப்பிய உதவியிலோ வாங்கிய வாத்தியம் அது. பிள்ளை நன்றாகப் பழகிவிட்டாள். அவள் வாசிப்பதைக் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்து அனுப்புகின்றோம். ஆனால் கேட்பவருக்கோ, தகரப் பேணிக்குள் இருந்து வாசிப்பது போலக் கேட்கின்றது.

இதனால் வரும் நட்டம் சிறியதல்ல. கலியாண வீட்டுக்கு வாத்தியக்காரர் தேடுபவர் வீடியோவில் அரை நிமிடத்தைக் கேட்டே முடிவு செய்துவிடலாம். இணையவழியில் பிள்ளைகளைப் படிப்பிக்க விரும்பும் இளைஞரையும் இப்படித்தான் எடைபோடுவார்கள். பல மாதப் பயிற்சியின் பலன், பதிவு செய்த முறையினால் மட்டும் மறைந்து போகக் கூடாது.

இதற்கு மருந்து புதிய தொலைபேசி அல்லது விலை கூடிய ஒலிவாங்கி என்றே பலரும் நினைக்கின்றனர். முதலில் வேண்டியது அதுவல்ல. கீபோர்ட்டின் ஒலியை அது பிறக்கும் இடத்திலேயே பிடித்தல் வேண்டும். இப்பாடத்தில் நாம் கற்கப்போவது இதைத்தான்.

1. ஒலி எங்கே பிறக்கின்றது?

ஆர்மோனியத்தில் துருத்தியின் காற்று உலோக நாக்குகளை அதிரச் செய்கின்றது. மிருதங்கத்தில் தோல் அதிர்கின்றது. இவற்றின் ஒலி காற்றில் பிறப்பதால், அதைப் பிடிக்க ஒலிவாங்கி தேவை.

கீபோர்ட் அப்படியல்ல. அதன் ஒலிகள் உள்ளே ஒரு சில்லில் எண்களாகச் சேமிக்கப்பட்டுள்ளன. நாம் கட்டையை அழுத்தும்போது அவை மின்சமிக்ஞையாக மாறுகின்றன. அந்த நிலையில் ஒலி மிகத் தெளிவாக இருக்கின்றது. பின்னர் அது கீபோர்ட்டின் சிறிய ஒலிபெருக்கிக்குப் போய், அறையின் காற்றில் பரவி, சீமெந்துச் சுவரிலும் தகரக் கூரையிலும் மோதி, கடைசியாகவே தொலைபேசியின் ஒலிவாங்கியை அடைகின்றது.

கிணற்று நீரை மண் வாய்க்காலில் விட்டால், மண் கொஞ்சத்தை உறிஞ்சும்; வழியில் கிடந்த சருகும் நீரோடு சேரும். குழாயில் கொண்டு சென்றால் கிணற்றில் இருந்த நீரே பாத்திக்கு வரும். ஒலிக்கும் இதே கதைதான்.

தொலைபேசியின் ஒலிவாங்கியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது மனிதப் பேச்சுக்காகவே அமைக்கப்பட்டது. பல தொலைபேசிகள் மெல்லிய ஒலியைத் தாமாகவே உயர்த்தி, பலத்த ஒலியைத் தாமாகவே அமுக்கிவிடும். நீண்டு ஒலிக்கும் ஒரு சுரத்தை மின்விசிறியின் இரைச்சல் என்று எண்ணிக் குறைத்து விடுவதும் உண்டு. வாசிப்பவர் காட்டிய ஏற்ற இறக்கமெல்லாம் இதனாலேயே தட்டையாகிப் போகின்றது.

2. எந்தத் துவாரம் எதற்கு?

கீபோர்ட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

"போன்ஸ்" அல்லது "அவுட்புட்" என்று எழுதிய துவாரம் ஒலி வெளியே வரும் வழியாகும். இது 6.35 மி.மீ. அல்லது 3.5 மி.மீ. அளவில் இருக்கும். இதில் வயரைச் செருகியதும் பெரும்பாலான கீபோர்ட்டுகளின் ஒலிபெருக்கி நின்றுவிடும். இது பழுது அல்ல.

"ஒக்ஸ் இன்" என்று எழுதிய துவாரம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே எடுப்பதற்கானது. இதில் வயரைச் செருகிவிட்டுப் பதிவாகவில்லை என்று வருந்துதல் வேண்டாம்.

"யூ.எஸ்.பி. டு ஹோஸ்ட்" என்ற துவாரம் கணினியுடன் இணைப்பதற்கானது. சில கீபோர்ட்டுகளில் இதன் வழியாக ஒலியே வரும். வேறு சிலவற்றில் "மிடி" மட்டுமே வரும். மிடி என்பது 1983இல் அறிமுகமான ஒரு பொது முறை. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு விசையுடன் அழுத்தப்பட்டது என்ற தகவலை மட்டும் அது அனுப்பும், ஒலியை அனுப்பாது. சமைத்த சோற்றுக்கும் சமையற் குறிப்புக்கும் உள்ள வேறுபாடு இது. உங்கள் கீபோர்ட் எவ்வகை என்பதை அதன் கைநூலில் பார்த்துக் கொள்ளுங்கள்.

3. வயர் வழியாகப் பதிவு செய்யும் முறைகள்

(அ) மேசைக் கணினி: இதுவே செலவு குறைந்த வழி. பல மேசைக் கணினிகளின் பின்புறத்தில் நீல நிறத் துவாரம் ஒன்று இருக்கும். அது "லைன் இன்" எனப்படும். இரு முனையிலும் 3.5 மி.மீ. பிளக் உள்ள ஸ்ரீரியோ வயர் ஒன்றைக் கீபோர்ட்டிலிருந்து இதற்குக் கொடுங்கள். கீபோர்ட்டின் துவாரம் பெரிதானால் 6.35 மி.மீ. மாற்றுப் பிளக் ஒன்றும் வேண்டும். பதிவு செய்ய "ஓடாசிட்டி" என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கின்றது. வீட்டில் கணினி இல்லாவிடில், நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒருவரின் கணினியைப் பயன்படுத்தலாம்.

(ஆ) ஒலி இணைப்புப் பெட்டி: இது கீபோர்ட்டின் ஒலியை எண்களாக மாற்றி, யூ.எஸ்.பி. வழியாகக் கணினிக்கோ தொலைபேசிக்கோ கொடுக்கும் சிறு கருவி. வாங்குமுன் உங்கள் தொலைபேசியுடன் கடையிலேயே இணைத்துச் சோதியுங்கள். சில தொலைபேசிகளின் கமரா, வெளியிலிருந்து வரும் ஒலியை ஏற்காமல் தன் ஒலிவாங்கியையே பயன்படுத்தும்.

(இ) தொலைபேசியின் காதணித் துவாரம்: சாதாரண வயரை நேரே இதற்குள் செருக வேண்டாம். இதில் ஒலியை உள்வாங்கும் பகுதி ஒலிவாங்கியின் மிக மெல்லிய சமிக்ஞைக்கே அமைந்தது. கீபோர்ட்டின் பலத்த சமிக்ஞை போனால் ஒலி கிழிந்துவிடும். சமிக்ஞையைக் குறைத்துக் கொடுக்கும் தனி வயர் இதற்கு வேண்டும்.

எந்த முறையிலும் வாசிப்பவருக்குத் தன் வாசிப்புக் கேட்க வேண்டும். துவாரத்தில் ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் பிளக்கைப் போட்டு, ஒரு பக்கம் பதிவுக்கும் மறுபக்கம் காதணிக்குமாகக் கொடுக்கலாம்.

4. ஒலியின் மட்டம்

மரக்கால் நிறைந்த பின்னும் நெல்லைக் கொட்டினால் அது கீழே சிந்தும். ஒலிப்பதிவில் அந்த விளிம்புக்குப் பூச்சியம் டெசிபல் என்று பெயர். அதைத் தாண்டிய ஒலி கிழிந்து கேட்கும். பின்னர் அதைச் சரிசெய்வது மிகக் கடினம்.

ஆகவே பதிவுக்கு முன், பாட்டின் ஆகப் பலத்த பகுதியை வாசித்துப் பாருங்கள். ஒலிமானி சய 12க்கும் சய 6க்கும் (-12, -6) இடையில் உச்சம் காட்டினால் போதும். கீபோர்ட்டின் ஒலி அளவை முக்கால் பங்கில் வைத்து, மீதியைக் கணினியில் சரிசெய்யுங்கள். மிகக் குறைவாகப் பதிந்து பின்னர் உயர்த்தினால், அடியில் கிடக்கும் இரைச்சலும் சேர்ந்து உயரும்.

வீடியோவுக்கு 48 கிலோ ஹேர்ட்ஸ், 16 பிற் என்ற அமைப்புப் போதுமானது. மூலப்பதிவை "வேவ்" கோப்பாகவே சேமியுங்கள். ஸ்ரீரியோவில் இது ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 11.5 மெகாபைற் இடம் பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டுக்கு 60 மெகாபைற் வரை வேண்டும்.

5. "ம்ம்" என்ற இரைச்சல்

எமது மின்சாரம் நொடிக்கு 50 தடவை அலைவது. அதுவே வயரில் ஏறி "ம்ம்" என்று கேட்கும். பல சிறிய கீபோர்ட்டுகள் பற்றரியிலும் இயங்குவன. பதிவு செய்யும் நேரத்தில் மட்டும் பற்றரியில் இயக்கிப் பாருங்கள். மடிக்கணினியானால் சார்ஜரைக் கழற்றி விடுங்கள். பெரும்பாலும் இரைச்சல் நின்றுவிடும். ஒலி வயரை மின்வயரோடு சேர்த்துக் கட்டவும் வேண்டாம். பதிவு செய்யும் தொலைபேசியை விமானப் பயண நிலையில் வையுங்கள். இடையில் அழைப்பு வந்தால் முழு உழைப்பும் வீண்.

6. வயர் வசதி இல்லாவிடில்

வயரும் கணினியும் இல்லாதோர் மனந்தளர வேண்டாம். அறையை ஒழுங்கு செய்வதே அவர்களின் முதலீடு.

நேரத்தைத் தெரிவு செய்யுங்கள். தகரக் கூரையில் மழை விழும் நேரமும், பக்கத்துத் தோட்டத்தில் நீரிறைக்கும் இயந்திரம் ஓடும் நேரமும் பதிவுக்கு உதவா. மின்விசிறியை நிறுத்துங்கள்.

வெறும் சீமெந்துச் சுவர் ஒலியைத் திருப்பி அனுப்பும். மெல்லிய சேலையைத் தொங்கவிட்டால் பெரிய பயன் இல்லை. மெத்தை, மடித்த போர்வை, நெல் நிறைந்த சாக்கு போன்ற தடித்த பொருட்களே எதிரொலியைக் குறைக்கும். கீபோர்ட்டை அறையின் மூலையில் வைக்காதீர்கள். கீழ்ச்சுரங்கள் அளவுக்கு மேல் முழங்கும்.

இரண்டு தொலைபேசிகள் இருந்தால், ஒன்று தள்ளி நின்று படம் எடுக்கட்டும். மற்றது ஒலிபெருக்கிகளுக்கு முன்னால் அரை மீற்றர் அளவில் இருந்து ஒலியை மட்டும் பதியட்டும். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் நேரே வரும் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள்ளோ எதிரொலி அவ்வளவாகக் குறையாது. தள்ளிப் போகப் போக வாத்தியத்தை விட அறையே கூடுதலாகக் கேட்பது இதனாலேயே. ஒலி பதியும் தொலைபேசியைக் கீபோர்ட் இருக்கும் மேசையில் வைக்க வேண்டாம். கட்டையை அழுத்தும் சத்தம் பலகை வழியாக ஏறும். வேறொரு கதிரையில் துணியை மடித்து, அதன் மேல் வையுங்கள்.

7. படத்தையும் ஒலியையும் சேர்த்தல்

ஒலியைத் தனியாகப் பதிந்தால், பின்னர் படத்துடன் பொருத்த வேண்டும். அறையில் பதிந்ததானால் தொடக்கத்தில் ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். கை சேரும் படமும் தட்டும் ஒலியும் ஒரே இடத்தில் வரும்படி, வீடியோ தொகுக்கும் செயலியில் நகர்த்தினால் சரி. பின்னர் கமராவின் சொந்த ஒலியை நிறுத்தி விடுங்கள்.

வயர் வழியாகப் பதியும்போது கைதட்டல் பதியாது. காற்றில் உள்ள எதுவும் அந்த வயருக்குள் போவதில்லை. ஆகவே கையை உயர்த்தி, கமராவுக்குத் தெரியும்படி ஒரு கட்டையை மூன்று முறை வெட்டென அழுத்துங்கள். விரல் படும் கணமே பொருத்தும் இடம். பாட்டு முடிந்ததும் அப்படியே இன்னொரு முறை செய்யுங்கள். தொடக்கத்தில் பொருந்திய ஒலி முடிவில் விலகியிருந்தால் அது காட்டிக் கொடுக்கும்.

பரீட்சைக்கு வீடியோ அனுப்புவோர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலண்டன் திரினிற்றி கல்லூரி 2020ஆம் ஆண்டு முதல் வீடியோ மூலமும் தரப் பரீட்சைகளை நடத்துகின்றது. இத்தகைய பரீட்சைகளுக்கு, வெட்டி ஒட்டாமல் ஒரே தொடராக எடுத்த பதிவையே கேட்பர். ஆகவே தனியாகப் பதிந்த ஒலியைச் சேர்க்கும் முன் அவ்வாண்டின் விதிகளை வாசித்தல் வேண்டும். ஒலி நேரே படம் எடுக்கும் தொலைபேசிக்கே போகும் வழி, அல்லது ஒழுங்கு செய்த அறையில் எடுக்கும் வழி, பாதுகாப்பானது.

8. பதிந்ததைப் பாதுகாத்தல்

வட்ஸ்அப்பில் வீடியோவைச் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத் தரம் குறையும். "டொக்கியுமன்ற்" என்ற பகுதியூடாக அனுப்பினால் உள்ளபடியே போகும்.

ஒரே இரவில் வீட்டை விட்டுப் புறப்பட்ட எமக்கு, அல்பங்களும் ஒலிநாடாக்களும் எப்படிப் போயின என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அம்மம்மா பாடிய தாலாட்டின் மெட்டு இன்று அவரின் பேத்தியின் விரலில் மட்டுமே இருக்கலாம். அது பதியப்பட்டால், ஒரு பிரதி தொலைபேசியிலும், ஒரு பிரதி மெமரி காட்டிலும், இன்னொரு பிரதி வேறு ஊரில் உள்ள உறவினரிடமும் இருக்கட்டும். கோப்பின் பெயரில் பாட்டு, வாசித்தவர், திகதி ஆகியவற்றை எழுதுங்கள். விதைநெல்லை ஒரே குதிரில் வைக்காதவர்கள் நாம்.

செய்து பாருங்கள்

ஒரே பாட்டின் ஒரு நிமிடப் பகுதியை மூன்று விதமாகப் பதியுங்கள்: முதலில் வழமை போலத் தொலைபேசியைத் தள்ளி வைத்து, அடுத்து அறையை ஒழுங்கு செய்து, தொலைபேசியை அருகில் வைத்து, கடைசியாக வயர் மூலம். மூன்றையும் காதணியில் கேளுங்கள். எங்கே பணம் செலவிட வேண்டும், எங்கே வேண்டாம் என்பது அப்போது தெளிவாகும். செலவழிக்க முடிந்தால் முதலில் வயர், அடுத்து இணைப்புப் பெட்டி என்ற வரிசையில் வாங்குங்கள். வாத்தியத்தோடு பாடவும் விரும்பினால் மட்டும் ஒலிவாங்கியை யோசிக்கலாம்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது ஊரில் பதிவுக்கு ஏற்ற அமைதியான நேரம் எது? அமைதியான அறை யாரிடம் உண்டு?
2. வயர், மாற்றுப் பிளக், இணைப்புப் பெட்டி ஆகியவற்றைப் பல குடும்பங்கள் சேர்ந்து வாங்கிப் பொதுவில் வைத்திருக்க முடியுமா? பொறுப்பாளர் யார்?
3. எமது முதியோருக்குத் தெரிந்த மெட்டுகளில் இன்னும் பதியப்படாதவை எவை? இந்த மாதம் எதிலிருந்து தொடங்கலாம்?