ஒரு மூலம், பல வடிவம்: மென்பொருள் ஆவணம் எழுதக் கற்பித்தல்

மேல்நிலை இரண்டாமாண்டு மாணவர்கள் பைத்தானில் பயனுள்ள சிறு நிரல்களை எழுதுகிறார்கள். நூலகப் புத்தக இரவல் பதிவு, மதிப்பெண் சுருக்கம் போன்றவை பள்ளிக்கே உதவக்கூடியவை. ஆனால் எழுதிய மாணவர் பொதுத்தேர்வு முடிந்ததும் சென்றுவிடுகிறார். ஜூன் மாதத்தில் புதிய மாணவர் பெயர்களைச் சேர்க்க வேண்டும் என்றால் எந்தக் கோப்பைத் திறப்பது என்று ஒருவருக்கும் தெரிவதில்லை. ஓராண்டு உழைப்பு ஆய்வகக் கணினியில் வீணே கிடக்கிறது.

விளக்கம் எழுதி வைத்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. தலைமையாசிரியருக்கு அச்சுப்படி, ஆசிரியர்களின் கைப்பேசிக்கு பி.டி.எஃப்., ஆய்வகத்தில் வேர்டு கோப்பு என மூன்று படிகள் உருவாகின்றன. ஒன்றில் செய்த திருத்தம் மற்ற இரண்டுக்கும் போய்ச் சேர்வதில்லை. எது சரியானது என்ற குழப்பமே மிஞ்சுகிறது.

பைத்தான் காட்டும் வழி

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, நாம் கற்பிக்கும் பைத்தான் மொழியின் சொந்த ஆவணம்தான். முன்பு அது லாடெக் முறையில் எழுதப்பட்டது. 2008-இல் வெளிவந்த 2.6 பதிப்பிலிருந்து, ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் என்னும் எளிய குறியீட்டு முறைக்கு மாறியது. அதற்காக கியார்க் பிராண்டல் உருவாக்கிய கருவி ஸ்பிங்ஸ். எழுதுவோர் எளிய உரைக் கோப்பில் ஒரு முறை மட்டும் எழுதுகிறார்கள். அதிலிருந்து இணையப் பக்கம், பி.டி.எஃப்., மின்னூல் ஆகிய வடிவங்களை ஸ்பிங்ஸ் உருவாக்கித் தருகிறது. திருத்தம் மூலத்தில் மட்டுமே. வடிவங்களைக் கையால் திருத்துவதில்லை.

அதன் பகுப்பையும் கவனியுங்கள். புதியவருக்குப் பயிற்சி நூல், தேடிப் பார்ப்பவருக்கு நூலகக் கையேடு, குறிப்பிட்ட வேலைக்கு 'எப்படிச் செய்வது' கட்டுரைகள், பதிப்புதோறும் 'புதியவை' என்னும் பகுதி. படிப்பவரின் தேவையே பகுப்புக்கு அடிப்படை. இந்த ஆவணக் கோப்புகள் நிரல் கோப்புகள் உள்ள அதே களஞ்சியத்தில் இருக்கின்றன. அதனால் நிரலை மாற்றுபவர் விளக்கத்தையும் உடனே மாற்ற முடிகிறது.

வகுப்பறையில் செய்யும் முறை

நான் இதை நான்கு பாடவேளைகளில் நடத்துகிறேன்.

முதல் வேளையில் அமைப்பையும் தோற்றத்தையும் பிரித்துக் காட்டுகிறேன். தலைப்பைப் பெரிய எழுத்தாக்கித் தடிமனாக்குவது தோற்றம். 'இது தலைப்பு' என்று கணினிக்குச் சொல்வது அமைப்பு. லிப்ரேஆபிஸ் ரைட்டரில் தலைப்புப் பாணியைத் தேர்ந்தெடுத்தால், பொருளடக்கம் தானே உருவாகும். கையால் பெரிதாக்கிய தலைப்பு அதில் வராது. இரண்டையும் அருகருகே செய்து காட்டினால், மாணவர் அதற்குமேல் விளக்கம் கேட்பதில்லை.

இரண்டாம் வேளையில் மார்க்டவுன் குறியீடு. ஜான் குரூபர் 2004-இல் வெளியிட்ட இம்முறைக்குச் சாதாரண உரைத்தொகுப்பியே போதும். வரியின் தொடக்கத்தில் # இட்டு இடைவெளி விட்டால் தலைப்பு. சிறுகோடு இட்டு இடைவெளி விட்டால் பட்டியல். தமிழில் அப்படியே தட்டச்சு செய்யலாம்.

மூன்றாம் வேளையில் குழுவாக எழுதுதல். நிரல் உள்ள கோப்புறையிலேயே நான்கு கோப்புகளை உருவாக்கச் சொல்கிறேன்:

- தொடக்கம்: நிரல் எதற்கு, எப்படி இயக்குவது
- பயன்பாடு: நூலகப் பொறுப்பாசிரியர் செய்ய வேண்டிய படிகள்
- உள்ளமைப்பு: எந்தச் செயற்கூறு என்ன செய்கிறது, தரவு எங்கே சேமிக்கப்படுகிறது
- மாற்றங்கள்: தேதி, திருத்தம், திருத்தியவர்

நான்காம் வேளையில் வடிவ மாற்றம். பாண்டாக் என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்கு உதவும். அதை உருவாக்கிய ஜான் மெக்ஃபார்லேன் ஒரு தத்துவப் பேராசிரியர் என்பதை மாணவர் வியப்புடன் கேட்கிறார்கள். ஒரே கட்டளையில் மார்க்டவுன் கோப்பு இணையப் பக்கமாகவோ வேர்டு கோப்பாகவோ மாறும். நேரடியாக பி.டி.எஃப். எடுக்கக் கூடுதல் மென்பொருளும் தமிழ் எழுத்துரு அமைப்பும் தேவைப்படலாம். வேர்டு கோப்பாக மாற்றி, லிப்ரேஆபிஸில் திறந்து பி.டி.எஃப். ஆக்குவது எளிது.

மதிப்பீடு

ஆவணம் அழகாக இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவரை அழைத்து, ஆவணத்தை மட்டும் கொடுத்து, ஒரு புத்தக இரவலைப் பதியச் சொல்கிறேன். எழுதிய குழு வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைக் குழு குறித்துக்கொண்டு திருத்துகிறது. எழுதத் தயங்கும் மாணவருக்கும் அப்போது எதை எழுத வேண்டும் என்று புரிந்துவிடுகிறது.

அடுத்த நிலைக்குச் செல்லும் மாணவருக்கு டாக்டெஸ்டை அறிமுகப்படுத்தலாம். பைத்தானுடன் வரும் இக்கூறு, விளக்கத்தில் உள்ள எடுத்துக்காட்டை இயக்கி, அங்கே எழுதப்பட்ட விடையே வருகிறதா என்று சோதிக்கும். நிரல் மாறி விளக்கம் பழையதாகவே இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

தொடக்கநிலை ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். பாடக்குறிப்பு, செயல்தாள், பெற்றோருக்கான குறிப்பு ஆகியவற்றை ஒரே மூலக் கோப்பிலிருந்து எடுத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு அந்த வகுப்புக்கு வரும் ஆசிரியர், நீங்கள் விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம்.