செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆகலை: பட்டறைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு

வல்லத்திலும் செஞ்சியிலும் தொழில் கற்க வரும் தம்பிகள் முதலில் தடுமாறுவது இந்தக் கேஸில்தான். செல்ஃப் நன்றாகச் சுற்றும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. அரைமணியில் ஆளுக்கொன்றாகக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். இன்ஜின் கேட்பது கொஞ்சம்தான்: காற்று, எரிபொருள், கம்ப்ரஷன், பெட்ரோல் வண்டியானால் கூடவே கரண்ட். எல்லாம் சரியான நேரத்தில் சேர வேண்டும். இதில் எது வரவில்லை என்று தெரியும்வரை ஸ்பேனரைத் தொடாதே.

1. முதலில் டிரைவரிடம் கேள். ஓடும்போது நின்றதா, நிறுத்திவிட்டு எடுக்கும்போதா? கடைசியாக எங்கே, எவ்வளவு டீசல் போட்டார்? நேற்று யாராவது கை வைத்தார்களா? டேங்க் முள்ளை நம்பாதே. முள் பாதியில் நிற்க, டேங்க் காலியாக இருக்கும்.

2. சும்மா கிடக்கும் சுவிட்சுகளைப் பார். பைக்கில் கில் சுவிட்ச், பழைய வண்டியில் பெட்ரோல் காக். பழைய டிராக்டரில் இழுத்த ஸ்டாப் நாப் உள்ளே போகாமல் நின்றிருக்கும். காரில் சாவிப் படம் போட்ட விளக்கு விடாமல் மின்னினால் இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை. இன்னொரு சாவி போட்டுப் பார்.

3. செல்ஃப் சத்தத்தைக் காதால் பிடி. நல்ல இன்ஜின் கம்ப்ரஷனுக்குக் கம்ப்ரஷன் திணறித் திணறிச் சுற்றும். திணறலே இல்லாமல் விர்ரென்று சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அதற்குமேல் ஒரு சுற்றுகூடச் சுற்றாதே. பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும்.

4. சுற்றுகிறது என்பதால் பேட்டரி நல்லது என்று முடிவு கட்டாதே. முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால், இன்ஜின் சுற்றினாலும் இசியூ ஒழுங்காக வேலை செய்யாமல் போகலாம். டெர்மினலில் பூத்திருப்பதையும் எர்த்தையும் சுத்தம் செய்துவிட்டு மறுபடி அள. ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதே, இடையில் ஆறவிடு.

5. இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டியில் சாவியை ஆன் செய்து காது கொடு. பெரும்பாலான வண்டிகளில் டேங்குக்குள் பம்ப் இரண்டு நொடி முனகி அடங்கும். சத்தமே இல்லையா? ஃப்யூஸ், ரிலே, ஒயர் என்று வரிசையாகப் போ; பம்ப் கடைசி. அறுவடைக் காலத்தில் கொல்லையோரம் நிற்கும் வண்டியில் எலி ஒயரைக் கடித்திருக்கும், ஏர் ஃபில்டருக்குள் கூடும் கட்டியிருக்கும்.

6. பிளக்கைக் கழற்றினால் அதுவே பாதி பதில் சொல்லும். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, கரண்டைத் தேடு. காய்ந்திருந்தால் பெட்ரோலைத் தேடு. ஸ்பார்க் பார்க்கும்போது பிளக்கின் உடம்பு இன்ஜினில் நன்றாக எர்த் ஆகட்டும், பக்கத்தில் பெட்ரோல் துணி கிடக்கக் கூடாது. இன்ஜெக்‌ஷன் காரில் பிளக் மூழ்கியிருந்தால் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திச் செல்ஃப் அடி. பல வண்டிகளில் அப்போது பெட்ரோல் நின்று காற்று மட்டும் போகும்.

7. டீசல் வண்டியில் புகையைப் பார். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளையாக வந்தால் டீசல் போகிறது, எரியச் சூடு இல்லை. ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன் என்று தேடு. டேங்க் காலியாகி நின்ற பழைய பம்ப் வண்டியில் ஏர் பிடித்திருக்கும். ஃபில்டர் தலையிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடி. முதலில் நுரை வரும், பிறகு குமிழி, பிறகு குமிழியில்லாத டீசல். அப்போது, பம்ப் அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை முடுக்கு.

8. காமன் ரெயில் வண்டியில் பைப்பைத் தளர்த்தி ஏர் எடுக்கும் பழைய வித்தை வேண்டாம். பிரஷர் பைப்பை இன்ஜின் சுற்றும்போது தளர்த்தாதே. ஆயிரம் பாருக்கு மேல் போகும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே ஏறும். ஊசிக்குத்துபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஹீட்டர் உள்ள டீசல் இன்ஜினில் ஈதர் ஸ்ப்ரேயும் அடிக்காதே, வெடிக்கும்.

9. ஸ்கேனர் இடத்தைக் காட்டும், தீர்ப்புச் சொல்லாது. கிராங்க் சென்சார் கோடு வந்ததும் புதுச் சென்சார் வாங்க ஓடாதே. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் அசைகிறதா பார். கப்ளரையும் ஒயரையும் சோதி.

10. வெள்ளத்தில் நின்ற வண்டிக்குச் செல்ஃப் அடிக்காதே. 2024 ஃபெஞ்சல் புயலில் நம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படி மூழ்கிய வண்டியின் சிலிண்டரில் தண்ணீர் இருந்தால், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். பேட்டரியைக் கழற்று. ஏர் ஃபில்டர், ஆயில், டேங்க் மூன்றையும் பார். பிளக்கையோ ஹீட்டர் பிளக்கையோ எடுத்துவிட்டுக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்று.

11. பார்ட்டை மாற்றிப் போட்டு வண்டி ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதே. எதனால் நின்றது என்று வண்டிக்காரரிடம் இரண்டு வரியில் சொல்லத் தெரிய வேண்டும். செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை ஏற்றிப் போகிறவருக்கு ஒரு நாள் வாடகை போனாலே பெரிய நஷ்டம். வேண்டாத பம்ப்புக்கும் அவரிடம் காசு வாங்குவது தொழில் இல்லை. காரணம் தெரியாமல் பில் போடாதே.